எக்ஸ்பைரி செவ்வாய்

பச்சையாகத்தான் இருக்கிறது, தொண்ணூற்றெட்டாயிரம் என்று கொட்டை எழுத்தில், முன்னால் ஒரு கூட்டல் குறி வேறு, அந்தக் கூட்டல் குறியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொய். கணக்கில் பிழை இல்லை, ஆனாலும் பொய். காலை பதினோரு மணி வாக்கில் யாரோ ஒருவர், எந்த ஊரோ என்ன பேரோ, பங்குச் சந்தையில் இந்தப் புட் ஆப்ஷனை ஐம்பத்தெட்டு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு வியாபாரமும் நடக்கவில்லை. கடைசியாக நடந்த அந்த ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டுதான் செல்போனும் லேப்டாப்பும் சேர்ந்து என் லாபத்தைப் பெருக்கிப் பெருக்கிக் காட்டுகின்றன. இப்போது மதியம் இரண்டரை. என்னிடமிருந்து வாங்க வரிசையில் நிற்பது ஒரே ஒரு ஆள், முப்பத்தொரு ரூபாய் தருகிறேன் என்கிறார், அதுவும் ஒரு லாட்டுக்கு. என் கையில் நான்கு லாட், லாட்டுக்கு ஐந்நூறு பங்கு. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒருவர், அவருக்கும் பின்னால் ஐந்து ரூபாய்க்கு ஒருவர், இழவு வீட்டில் பாத்திரம் விலை கேட்க வந்தவர்களைப் போல. புட் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஒரு பங்கை இன்ன தேதிவரை இன்ன விலைக்கு விற்கும் உரிமை, அவ்வளவுதான். ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கை ஆயிரத்து இருநூறுக்கு விற்கும் உரிமையை ஒன்பது ரூபாய் கொடுத்து வாங்கிப் போட்டேன். பங்கு விழுந்தது, என்னமாய் விழுந்தது, இன்று ஆயிரத்து நூற்று நாற்பதில் கிடந்து துடிக்கிறது. ஆக என் புட் அறுபது ரூபாய் பெறும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பெறும். வாங்க ஆள் இருந்தால். இன்று எக்ஸ்பைரி, அந்தத் தேதி முடிகிற நாள். மூன்றரைக்குச் சந்தை மூடும்போது இது என் கையிலேயே இருந்தால், சும்மா கிடந்த உரிமை கடமையாக மாறிவிடும், இரண்டாயிரம் பங்கை எடுத்துவந்து வை என்பார்கள். என்னிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. இல்லாததை அவர்களே ஏலத்தில் எடுத்து, எடுத்த விலையையும் அபராதத்தையும் என் தலையில் கட்டுவார்கள், அது எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, நான் வேலை பார்த்த மில் மூடியபோது எனக்கு வந்த பணம் முழுவதும் போனாலும் போகும். ஜெயித்துவிட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தோற்றிருந்தால் ஒன்பது ரூபாயோடு போயிருக்கும், இந்நேரம் ஒரு மதியத் தூக்கம் போட்டிருப்பேன்.

ஹாலில் சிரிக்கிறார்கள். என் கணவர் தெய்வசிகாமணியின் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்கும், அண்ணன் எதிரில் சிரிக்கும்போது மட்டும் அதில் ஒரு செருமல் சேர்ந்துகொள்ளும். அந்த அண்ணன், என் மூத்தார் நாச்சிமுத்து, காங்கேயத்திலிருந்து காலையிலேயே பஸ் ஏறி ஈரோட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். குலதெய்வக் கோயில் திருப்பணிக் கமிட்டிக்கு அவர்தான் பொருளாளர், மடியில் ரசீதுப் புத்தகம். எதற்கு வந்திருக்கிறார்? இந்தப் பச்சை எழுத்துக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கப் போன நேரத்தில் இந்த மனுஷன் என் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார், பார்த்ததும் நெஞ்சு விரிந்துவிட்டது, உடனே அண்ணனைக் கூப்பிட்டு முன்மண்டபத்துக்கு நம்ம உபயம் ஒரு லட்சம் என்று சொல்லியே விட்டார். என்னிடம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை. இன்று காலை மூத்தார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, நல்ல மனசு அம்மிணி உங்களுக்கு என்றபோதுதான் எனக்கே தெரியும். மண்டபத்துத் தூணில் சலவைக்கல் பதிப்பார்களாம், உபயம் ஈரோடு தெய்வசிகாமணி, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் ஓய்வு என்று பொன் எழுத்தில் வருமாம். ஓய்வு! ஏழு வருஷமாக இதைச் சூதாட்டம் என்று சொன்ன வாய் அது. கல்யாண வீடுகளில் யாராவது, மரகதம் இப்ப என்ன பண்றாங்க என்று கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன்னால் இவர் முந்திக்கொண்டு, சும்மா நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கறா என்பார். நான் ஒரு பிள்ளைக்கும் டியூஷன் எடுத்ததில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலை ஒன்பதேகாலிலிருந்து திரையோடு மல்லுக்கட்டுகிற பெண்டாட்டியைச் சொல்ல இவருக்கு வெட்கம், லாபத்தைச் சொல்ல மட்டும் வெட்கமில்லை. நஷ்டம் வந்த மாதங்களில் அது என் பணம், உன் பணத்தை நீ என்னமோ பண்ணு என்பார். பச்சை தெரிந்த அன்றைக்கு அது நம்ம உபயம் ஆகிவிட்டது.

முப்பத்தொன்று. அசையவே இல்லை. நான் ஐம்பத்தைந்து என்று விலை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தவிர விற்க நிற்பது இன்னும் ஒரே ஒருவர், அவர் எழுபதில் கனவு கண்டுகொண்டிருக்கிறார். விரலில் பெருங்காய வாசனை அடிக்கிறது, இரண்டுமுறை சோப்புப் போட்டும் போகவில்லை, மின்விசிறி தலைக்கு மேல் கிறுக் கிறுக் என்கிறது, அதற்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை மாதம். ஒன்றுக்கு வேறு முட்டுகிறது. எழுந்து போகப் பயம், போன நேரம் பார்த்து யாராவது வந்துவிட்டுப் போய்விட்டால். நேற்று வந்தார்களே. நேற்று ஆள் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். நேற்று திங்கட்கிழமை நாற்பத்தேழு ரூபாய்க்கு ஒருவர் ஐந்து லாட் கேட்டுக்கொண்டு மத்தியானம்வரை நின்றார், நான்கையும் அப்படியே வாங்கியிருப்பார், என் விரல் விற்பனைப் பொத்தான்மேல் இருந்தது. பங்கு ஆப்ஷனை எக்ஸ்பைரி நாள்வரை கையில் வைக்கக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம், ஏழு வருஷத்தில் ஒருமுறையும் மீறியதில்லை. அப்போது பார்த்து உள்ளே வந்தார் இவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கையில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்.

"இன்னைக்குக் கரிநாள், மரகதம். இத்தனை பெரிய காரியத்துல இன்னைக்குப் போய்க் கை வைக்காத. நாளைக்கு எமகண்டம் கழிச்சு வித்துக்கலாம்."

சந்தையில் ஆள் இருக்கும்போதுதான் விற்க முடியும் என்றேன். ஆள் நாளைக்கும் இருப்பான் என்றார். இருப்பானாம். இவர் வேலை பார்த்த சங்கத்தில் கடன் வாங்க ஆள் எப்போதும் இருந்தான், நேற்றும் இருந்தான், நாளைக்கும் இருப்பான், அதனால் உலகம் முழுவதும் ஆள் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும் என்று நினைப்பு. நான் கரிநாளை நம்புகிறவள் இல்லை. சந்தைக்குக் கரிநாள் உண்டா, அஷ்டமி நவமி உண்டா. செவ்வாய்க்கிழமைக்குக் காலண்டரில் போட்டிருக்கும் நல்ல நேரம் ஒன்று சந்தை திறக்கும் முன்னால் முடிந்துவிடுகிறது, இன்னொன்று சந்தை மூடிய பிறகு ஆரம்பிக்கிறது, அதன்படி நடந்தால் செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் ஒரு பங்கும் விற்க முடியாது. எல்லாம் தெரியும். தெரிந்தும் விரலை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? இதைத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒரு இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது. பயத்தில் எடுத்தேன். கரிநாள் பயம் இல்லை. கரிநாளில் விற்று, விற்ற பிறகு விலை ஏறிவிட்டால், சாகிறவரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவாரே என்ற பயம். நான்கு நாள் தட்டுக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்ற அலுப்பு. ரிஸ்க் மேனேஜ்மெண்ட் என்று எத்தனை வகுப்பு கேட்டேன், எத்தனை ராத்திரி வரைபடம் வரைந்தேன், கடைசியில் நேற்று நான் கணக்குப் போட்டது சந்தையின் ரிஸ்க்கை இல்லை, இந்த வீட்டின் ரிஸ்க்கை. அந்த நாற்பத்தேழு ரூபாய்க்காரர் இரண்டு மணிக்குப் போய்விட்டார். இன்று காலை பங்கு இன்னும் விழுந்ததைப் பார்த்துவிட்டு இவர், பாத்தியா, நேத்து விக்காதது நல்லதாப் போச்சு என்று என் தோளைத் தட்டினாரே, தட்டின இடம் இன்னும் எரிகிறது.

அப்புறம் எமகண்டம். பத்தரை வரைக்கும் தொடாதே என்றார். பத்தே முக்காலுக்கு மூத்தார் வந்தார். வந்தவருக்கு டிபன் வேண்டாமா, அண்ணன் பஸ்ஸில் வந்திருக்கிறார் மரகதம், உப்புமாவாவது கிண்டு. கிண்டினேன். அந்த ஐம்பத்தெட்டு ரூபாய்க்காரர் வந்து, யாரோ ஒரு புண்ணியவானிடம் வாங்கிக்கொண்டு போன நேரத்தில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. ஹாலில் மூத்தார் மண்டபம் பாதியில் நிற்கும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், மேஸ்திரிக்குக் கூலி பாக்கி, கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று, வாக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விரிக்கிறார்கள், இந்த லட்சத்தை நம்பித்தான் மேஸ்திரியைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்று. பாவம்தான் அவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை, கோபம் எல்லாம் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடு என்றவர்மேல்தான்.

எனக்கு இது தெரியாதா? இதுதானே எங்கள் மில்லைக் கொன்றது. பதினெட்டு வருஷம் நூல் மில் ஆபீஸில் ஸ்டாக் கணக்குப் பார்த்தவள் நான். கடைசி வருஷம் குடோன் நிறைய நூல், கூரையைத் தொடும் அளவுக்கு மூட்டை, மாதக் கடைசியில் அதற்கு ஒரு விலை போட்டு ஸ்டேட்மெண்ட் அடித்துக் கொடுப்பேன், எம்.டி. அதை வாங்கிப் பார்த்து, நமக்கென்ன குறைச்சல், இவ்வளவு கோடிக்குச் சரக்கு இருக்கிறது என்பார். கோடி இருந்தது. சம்பளம் இல்லை. நான் போட்ட விலை நான்கு மாதம் முன்னால் யாரோ கடைசியாக வாங்கின விலை, அந்த யாரோ திரும்பி வரவே இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் நடந்தால் பஞ்சு வாசனையும் எலி வாசனையும் கலந்து அடிக்கும். கேண்டீனில் டீ நின்றது, பிறகு கேண்டீன் நின்றது, பிறகு ஒரு நாள் கேட் திறக்கவில்லை. விலை என்பது காகிதத்தில் எழுதுவது இல்லை, ஒருத்தன் கையில் காசோடு வந்து நிற்பது, இதை என்னைவிட யார் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் இந்த ஆயிரத்து இருநூறு புட்டை வாங்கும்போது என்ன பார்த்தேன்? ஒன்பது ரூபாய், மலிவு என்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாங்கி விற்கிறார்கள் என்ற எண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தேன், கம்மியாக இருந்தது, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். போகும்போது பார்த்துக்கொள்ளலாமாம். போகும்போதுதானே கதவு வேண்டும்.

போன். புரோக்கர் கம்பெனியிலிருந்து ஒரு பெண், சென்னைக் குரல், தூங்கி எழுந்த மாதிரி பேசுகிறாள். மேடம் உங்களுக்கு டெலிவரி மார்ஜின், பங்கு கொடுப்பதற்கு ஈடாக வைக்கும் பணம், பத்தவில்லை, மூன்று இருபதுக்குள் நீங்களே வெளியே வந்துவிடுங்கள், இல்லையென்றால் எங்கள் ரிஸ்க் டிபார்ட்மெண்ட் மார்க்கெட் விலைக்கு விற்றுவிடும். எந்த மார்க்கெட், எந்த விலை என்று கேட்டேன். முப்பத்தொன்றுக்கு ஒரு லாட், பன்னிரண்டுக்கு ஒரு லாட், ஐந்துக்கு மிச்சம், இதுதானம்மா உங்கள் மார்க்கெட், அறுபது ரூபாய்ச் சரக்கை ஐந்துக்குத் தள்ளிவிட்டு அதற்குக் கமிஷனும் எடுத்துக்கொள்வீர்கள் இல்லையா. அது சிஸ்டம் மேடம் என்றாள். எதற்கெடுத்தாலும் சிஸ்டம். இந்த ஊரில் யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாவற்றையும் சிஸ்டம்தான் செய்கிறது. கணக்கு ஆரம்பித்த நாளில் எத்தனை பக்கம் கையெழுத்து வாங்கினார்கள், நட்டம் வரலாம் நட்டம் வரலாம் என்று பக்கத்துக்குப் பக்கம், லாபம் வந்தும் வெளியே வர முடியாமல் போகலாம் என்று ஒரு வரி இருந்ததா? இருந்திருக்கும், எறும்பு எழுத்தில் எங்கேயாவது இருந்திருக்கும். அவளைத் திட்டி என்ன, அவளுக்கும் வீட்டில் யாராவது கரிநாள் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். வைத்துவிட்டேன்.

ஒரு வழி இருக்கிறது. புட்டை விற்க முடியாவிட்டால் அதே பங்கின் ஃப்யூச்சரை வாங்கிப் போடலாம், அதில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், கண்மூடித் திறப்பதற்குள் கிடைக்கும். புட் என்பது கொடுக்க வேண்டிய பங்கு, ஃப்யூச்சர் என்பது வர வேண்டிய பங்கு, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு போய்விடும், அறுபது ரூபாயும் அப்படியே கைக்கு வரும். பூட்டுப் போட்ட மாதிரி. ஆனால் அந்தப் பூட்டுக்கு இன்னும் ஆறு லட்சம் மார்ஜின் கட்ட வேண்டும், ராத்திரியே திரும்பி வந்துவிடும் பணம்தான், என்னிடம் இல்லை. அவரிடம் இருக்கிறது. ரிட்டயர்மெண்ட் பணத்தில் எட்டு லட்சம் சேமிப்புக் கணக்கில் சும்மா தூங்குகிறது. கேட்பதா? ஏழு வருஷம் ஒரு ரூபாய் கேட்காமல் இருந்ததுதான் இந்த வீட்டில் எனக்கிருக்கும் ஒரே மரியாதை. கேட்காமல் இருந்தால் இருபது நிமிஷத்தில் அந்த ரிஸ்க் டிபார்ட்மெண்ட் கழுத்தில் கத்தி வைக்கும். கதவைப் பாதி திறந்து அவரைக் கூப்பிட்டேன், மெதுவாக, மூத்தார் காதில் விழாதபடி, ஒரு வரியில் சொன்னேன், இன்றைக்கு ராத்திரிவரை ஆறு லட்சம் என் கணக்குக்கு மாற்றிக் கொடுங்கள், லாபம் முழுசாகக் கைக்கு வந்துவிடும். அவர் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு அடிச்சிருச்சே. ராகு காலத்துல கைக்காசை வெளிய விடலாமா? சும்மா வித்துப்போடு, அதான் தொண்ணூத்தெட்டு காட்டுதில்ல."

கதவைச் சாத்தினேன். அறைந்து சாத்தவில்லை, சாத்தினேன். அதான் காட்டுதில்ல. மூஞ்சியில் எதையாவது எறிந்திருப்பேன், கையில் மவுஸ்தான் இருந்தது, அது இப்போது வேண்டும். அவருடைய காசுக்கு ராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு, என் காசுக்கு எதுவும் கிடையாது, அது எந்த நேரத்திலும் யார் பேருக்கும் போகலாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அழுகை இல்லை, கோபத்தில் எனக்கு அப்படித்தான் வரும், இவர் அதையும் அழுகை என்றுதான் இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பங்கு ஏறுகிறது. ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐயோ, யாரோ கடைசி நேரத்தில் வாங்கித் தள்ளுகிறார்கள், என் அறுபது நாற்பத்தைந்து ஆகிவிட்டது. போய்விடட்டும், முப்பத்தொன்றுக்கே கொடுத்துவிடு, கொடுத்துவிட்டு எழுந்து போ, போட்ட முதலாவது தப்பும். விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போதுதான் பார்த்தேன்.

முப்பத்தொன்று முப்பத்து நான்கு ஆகியிருக்கிறது. அதுகூட இல்லை. லாட். ஒரு லாட் கேட்டுக்கொண்டிருந்தவர் இப்போது ஆறு லாட் கேட்கிறார். பங்கு ஏறும்போது புட்டின் விலை இறங்கத்தானே வேண்டும், இவர் ஏன் ஏற்றிக் கேட்கிறார், அதுவும் எக்ஸ்பைரிக்கு அரைமணி இருக்கையில் ஆறு லாட் வாங்கி இவர் என்ன செய்யப் போகிறார்? மெஷினா? மெஷின் இப்படித் தயங்காது, எடுத்துவிட்டு, யோசித்துவிட்டு, திரும்ப வைக்கிறார். ஆள்தான். மதியத்திலிருந்து கழுகு கழுகு என்று வைதுகொண்டிருந்தேன், பறித்துத் தின்ன உட்கார்ந்திருக்கிறார் என்று. பறிக்க வந்தவருக்கு ஆறு எதற்கு? விற்றவர் இவர். இந்தப் புட்டை ஒருநாள் யாருக்கோ எழுதி விற்றுவிட்டு, விழாது என்று நம்பி, ஒன்பதோ பத்தோ வாங்கி மடியில் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். மூன்றரைக்குள் திருப்பி வாங்காவிட்டால் மூவாயிரம் பங்கை ஆயிரத்து இருநூறு கொடுத்து எடுத்தாக வேண்டும், முப்பத்தாறு லட்சம் எடுத்துவை என்பார்கள். அவருக்கும் ஒரு பெண் போன் செய்திருப்பாள். அவருக்கும் ஒரு சிஸ்டம். நான் விற்றாக வேண்டும், அவர் வாங்கியாக வேண்டும், சந்தை முழுவதிலும் இந்தப் புட்டுக்கு நாங்கள் இரண்டு பேர்தான், இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். யாரோ. ராஜ்கோட்டோ, இந்தூரோ, இதே ஈரோட்டில் பெருந்துறை ரோட்டிலோ. ஹாலில் அவருக்கும் யாராவது காத்திருக்கலாம். ஆனால் நான் ஏமாந்தால் என் பணம் போகும், அவர் ஏமாந்தால் அதைவிடப் பெரிய பணம் போகும். யாருக்குப் பயம் அதிகமோ அவர்தான் நகர வேண்டும். நான் ஏன் நகர வேண்டும்?

ஐம்பத்தைந்தை எடுத்துவிட்டு ஐம்பத்து மூன்று என்று போட்டேன், மரியாதைக்கு ஒரு படி. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முப்பத்தாறு. பங்கு மறுபடி விழுகிறது, ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது, நாற்பத்து நான்கு. முப்பத்தெட்டு. வெளியே இவர் கதவைத் தட்டுகிறார், ஆச்சா மரகதம், அண்ணனுக்கு நாலு மணி பஸ். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது, இந்நேரத்தில் யார் சமைக்கிறார்கள். நாற்பத்தொன்று. தொண்டை காய்ந்துவிட்டது, தண்ணீர் குடிக்கக் கூடாது, குடித்தால் போக வேண்டிவரும். நாற்பத்தொன்றிலேயே நிற்கிறார். நிற்கிறார். போய்விட்டார், ஐயோ போய்விட்டார், வரிசையில் பன்னிரண்டு ரூபாய்க்காரர் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், கெட்டேன், பேராசைப்பட்டுக் கெட்டேன், இவர் சொன்னது சரிதான், சூதாட்டம்தான், நாளைக்கு மில் பணம் போய்விட்டது என்று இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வேன், அவர் வருத்தப்பட மாட்டார், அதுதான், உள்ளுக்குள் சந்தோஷப்படுவார், இனிமேல் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டாள் என்று. நாற்பத்தாறு. வந்துவிட்டார். ஆறு லாட், நாற்பத்தாறு. நான் என் விலையை ஐம்பதாக்கினேன். கெடுவுக்கு நான்கு நிமிஷம். அவர் நாற்பத்தெட்டு. நான் கை நீட்டி நாற்பத்தொன்பது என்று போட்டேன், இவ்வளவுதான் சாமி, இதற்குமேல் இரண்டு பேருக்கும் வேண்டாம். போட்ட கையோடு ஒரு சின்ன மணிச் சத்தம், நான்கு லாட்டும் போய்விட்டது. எண்பதாயிரம். அவருக்கு இன்னும் இரண்டு லாட் வேண்டும், எழுபது ரூபாய்க்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவரை நினைத்துக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எழுந்து நேரே கழிவறைக்குப் போனேன். முகம் கழுவிக்கொண்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மூத்தார் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், டீவி அணைந்திருக்கிறது. முடிஞ்சுதா என்கிறார் இவர். முடிந்தது, எண்பது வந்தது என்கிறேன். முகம் கொஞ்சம் சுருங்கி உடனே விரிகிறது, பரவாயில்லை, மிச்சம் இருபதை நான் போட்டுக்கறேன் என்கிறார், அண்ணனைப் பார்த்துக்கொண்டு. ராகு காலம் என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. மூத்தார் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, கார்பன் தாளைச் செருகி, பேனா மூடியைத் திறக்கிறார். கல்லுக்கும் இதே பேர்தான், சரியா சொல்லிப்போடு சிகாமணி என்கிறார். இவர் செருமிக்கொள்கிறார்.

"மரகதம்னு போடுங்க மாமா," என்கிறேன் நான்.

பேனா நிற்கிறது. இவர் சிரிக்கிறார், நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்து, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்துகிறார். தெய்வசிகாமணி குடும்பத்தார்னு போட்டுக்கலாம், எல்லாரும் அதுல அடக்கம்தானே என்கிறார். நான் ஒன்றும் பேசவில்லை. மூத்தார் இவரைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், வேணும்னா ரெண்டு பேரையும் சேர்த்துத் தெய்வசிகாமணி மரகதம் என்று போடலாம் என்கிறார். என் பேரை முன்னால் போட்டு இவர் பேரைப் பின்னால் போடலாம் என்று அவரே இன்னொரு படி வருகிறார். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போகிறார்கள். மேஸ்திரி கூலிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், பத்திரிகை அடித்தாகிவிட்டது, கும்பாபிஷேகத்துக்கு நாள் ஓடிவருகிறது. எனக்கு எந்த நாளும் ஓடிவரவில்லை.

"நம்ம கூட்டத்துல பொம்பளைங்க பேர்ல தனியாக் கல்லு வச்ச வழக்கம் இல்லீங்களே அம்மிணி," என்கிறார் மூத்தார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொல்கிறார்.

"தெரியுமுங்க மாமா. வேண்டாம்னா விட்டுருங்க, பணம் என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் பேனாவை மூடவில்லை. அதைக் கவனித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டேன்.